தகட்டினுள் உறையும் தகைவு

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

இயற்பியல் என்றவுடன் கரும்பலகையும் வாய்பாடுகளும் தேர்வு மண்டபமுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அடுப்பங்கரையிலும் ஆட்டுக் கொட்டிலிலும்கூட அதற்கு வேலை உண்டு என்பதை நான் உணர்ந்தது ஒரு பித்தளைக் குடத்தால்தான். அக்குடம் எங்கள் ஆயாவுடையது. ஒரு மழைக்காலத்தில், எவர் கையும் படாமல், அதன் கழுத்து வெடித்தது. கை படாமல் வெடித்தது என்பதை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. பழி எங்கள் சின்னம்மாவின் தலையில் விழுந்தது. அப்பழி நியாயமானதுதானா என்று ஆராயப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

குடமும் பழியும்

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் அமைந்தது எங்கள் ஊர். கலங்கரை விளக்கத்தை ஒட்டி இருப்பதால் லைட்ஹவுஸ் குப்பம் என்று பெயர். ஒரு பக்கம் கடலலை; மறுபக்கம் உப்புநீரும் நன்னீரும் கலந்த ஏரி. வலையும் படகுமே வாழ்க்கை. இங்கே இரும்பு எதுவும் நெடுநாள் நிற்காது. உப்புக் காற்று தின்றுவிடும். ஆகையால் பித்தளைக்கு எங்கள் வீடுகளில் தனி மதிப்பு உண்டு.

ஆயாவின் குடம் அவருடைய திருமணச் சீராக வந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் மனிதர்களுக்கும் வலைகளுக்குமே இடம் போதாது. அன்றாடம் புழங்காத பாத்திரங்களைப் பின்புறத்து ஆட்டுக் கொட்டிலில், சுவரோரமாகக் கவிழ்த்து வைப்பது வழக்கம். நான் பத்தாம் வகுப்பில் படித்த ஆண்டு, பொங்கலுக்குத் துலக்குவதற்காகக் குடத்தை எடுத்தபோது, அதன் வாய் விளிம்பிலிருந்து கழுத்து வழியாகக் கீழே இறங்கிய ஒரு பிளவு விரல் நீளத்திற்கு இருந்தது.

அக்குடத்தைக் கடைசியாகத் துலக்கிக் கவிழ்த்து வைத்தவர் சின்னம்மா. அவ்வாண்டுதான் அவர் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்திருந்தார்.

"கீழ போட்டுட்டு, வாயத் தொறக்காம கவுத்து வெச்சிருக்கா" என்றார் ஆயா.

"நான் போடல அத்தே" என்றார் சின்னம்மா.

பேச்சு அத்தோடு முடிந்தது, மனத்தாங்கல் முடியவில்லை. அதன்பின் சின்னம்மா அவ்வீட்டில் பித்தளைப் பாத்திரம் எதையும் தொட்டதில்லை. தொடும்படி எவரும் சொன்னதுமில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, மீட்சியியல் பாடம் படித்துக்கொண்டிருந்தபோதுதான், அந்தக் குடம் மீண்டும் என் நினைவுக்கு வந்தது.

ஆய்வுக்கூடம் காட்டும் வளைவு

இயற்பியல் மாணவர் யாவரும் சீரற்ற வளைவு முறையில் யங் குணகம் கண்டிருப்போம். மீட்டர் அளவுகோலை இரு கத்திமுனைகளின்மேல் வைத்து, நடுவில் 50 கிராம் எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, நகரும் நுண்ணோக்கி வழியே குண்டூசி முனையைப் பார்த்து அளவு குறிக்கின்றோம். பின்பு எடைகளை ஒவ்வொன்றாக இறக்கியும் குறிக்கின்றோம். ஏற்றும்போது கண்ட அளவும் இறக்கும்போது கண்ட அளவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். இரண்டுக்கும் சராசரி எடுத்துப் பதிவேட்டில் எழுதிவிடுகின்றோம்.

அவ்விரண்டும் ஏன் ஒன்றாக இருக்கின்றன என்று நாம் கேட்பதில்லை. பொருள் மீட்சி எல்லைக்குள் இருப்பதே காரணம். இந்த எல்லைக்குள் தகைவு திரிபுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது 1678 இல் இராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி. விசையை நீக்கினால் பொருள் பழைய வடிவுக்கே திரும்பும். உள்ளே மிச்சம் எதுவும் இராது.

ஆனால் குடம் செய்பவரோ, பெட்டி செய்பவரோ, பேருந்துக்குக் கூடு கட்டுபவரோ மீட்சி எல்லைக்குள் நின்றால் வேலை நடக்காது. அவர்கள் வளைத்தது வளைந்தே இருக்க வேண்டும். அதற்கு எல்லையைத் தாண்டியாக வேண்டும். தாண்டியபின் ஏற்றும் பாதை வேறு, இறக்கும் பாதை வேறு. அந்த இரு பாதைகளின் வேற்றுமையே தகட்டினுள் மிச்சமாகத் தங்கிவிடுகின்றது. வெளியே எந்த விசையும் இல்லாதபோதும் பொருளினுள் நிலைத்து நிற்கும் இத்தகைவை எஞ்சிய தகைவு என்கின்றோம்.

வெளியே விசை இல்லாதபோது உள்ளே தகைவு எவ்வாறு நிற்கும் என்ற ஐயம் எழலாம். எங்கள் ஊர் வலையைப் பாருங்கள். மேற்கயிற்றில் கட்டிய மிதவைகள் வலையை மேலே இழுக்கின்றன. கீழ்க்கயிற்றில் கோத்த ஈயக் குண்டுகள் கீழே இழுக்கின்றன. இரண்டும் சமமாகும் இடத்தில் வலை நீருக்குள் சுவர்போல் அசையாமல் நிற்கின்றது. அசைவு இல்லை என்பதால் இழுப்பு இல்லை என்று கூறலாமா? சில ஈயக் குண்டுகளை அறுத்துப் பாருங்கள். வலை உடனே மேலே எழும். எஞ்சிய தகைவும் அவ்வாறே. தகட்டின் ஒரு படலம் இழுபட்டிருக்கும். அடுத்த படலம் அமுங்கியிருக்கும். இரண்டின் கூட்டுத்தொகை சுழி. ஒன்றை வெட்டினாலோ அரித்தாலோதான் மற்றொன்று தன்னைக் காட்டிக்கொள்ளும்.

எல்லையைத் தாண்டிய கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1 மி.மீ. தடிமனுள்ள மென் எஃகுத் தகட்டை 50 மி.மீ. ஆரமுள்ள குழாயின்மேல் வளைப்பதாகக் கொள்வோம். வளையும் தகட்டின் வெளிப்புறம் நீள்கின்றது, உட்புறம் அமுங்குகின்றது, இடையே நீளமும் அமுக்கமும் அற்ற நடுநிலைப் பரப்பு ஒன்று உள்ளது. வெளிப்பரப்பின் திரிபைக் காணத் தடிமனை ஆரத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். நம் தகட்டுக்கு அது நூற்றில் ஒன்று, அதாவது 1 சதவீதம்.

மென் எஃகு ஏறத்தாழ சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன் தகைவில் மீட்சி எல்லையை அடைகின்றது. அதன் யங் குணகம் சதுர மி.மீ.க்கு ஏறத்தாழ 2,00,000 நியூட்டன். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.125 சதவீதத் திரிபிலேயே எல்லை வந்துவிடுவது தெரியும். நாம் கொடுத்ததோ அதைப்போல் 8 மடங்கு. எனவே 1 மி.மீ. தடிமனில், நடுவிலுள்ள 8 இல் 1 பங்குப் படலம் மட்டுமே மீட்சி நிலையில் இருக்கின்றது. மற்றவை யாவும் எல்லை தாண்டிவிட்டன.

இனிக் கையை எடுப்போம். கையை எடுத்தபின் வளைக்கும் திருப்புத்திறன் சுழியாக வேண்டும். மீளும்போது தகடு மீண்டும் ஹூக் விதிக்கே கட்டுப்பட்டு, நேர்கோட்டுப் பாதையில் மீள்கின்றது. செவ்வக வெட்டுமுகம் உடைய தகட்டை முழுவதும் எல்லை தாண்டச் செய்யத் தேவையான திருப்புத்திறன், அதன் பரப்பு மட்டும் எல்லையைத் தொடத் தேவையான திருப்புத்திறனைப்போல் ஒன்றரை மடங்கு. ஆகவே மீளும்போது வெளிப்பரப்பிலிருந்து கழிபட வேண்டிய தகைவு 250 இன் ஒன்றரை மடங்கு, அதாவது 375. அங்கே இருந்த இழுதகைவோ 250 மட்டுமே. 250 இலிருந்து 375 ஐக் கழித்தால் 125 குறைக்குறியோடு நிற்கின்றது.

இதன் பொருளைச் சற்று நின்று நோக்க வேண்டும். வளைக்கும்போது நீண்ட வெளிப்பரப்பில், கையை எடுத்தபின் இழுதகைவு இல்லை, சதுர மி.மீ.க்கு 125 நியூட்டன் அமுக்கத் தகைவு உள்ளது. அதற்குச் சற்று உள்ளே, நடுநிலைப் பரப்பை நெருங்கும் இடத்தில், 200 நியூட்டன் அளவுக்கு இழுதகைவு எஞ்சுகின்றது. உட்புறப் பாதியில் இவை தலைகீழாக அமைகின்றன. ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குள் இழுப்பும் அமுக்கமும் மாறி மாறி நான்கு படலங்களாக அடுக்கப்பட்டுள்ளன. மேசைமேல் சும்மா கிடக்கும் வளைந்த தகடு உண்மையில் சும்மா கிடக்கவில்லை!

தகடு எவ்வளவு மீளும் என்பதையும் இக்கணக்கே கூறும். வளைவில் குறையும் அளவு, மீட்சி எல்லையின் மும்மடங்கை யங் குணகத்தாலும் தடிமனாலும் வகுத்த ஈவுக்குச் சமம். நம் தகட்டுக்கு விடை, 50 மி.மீ. ஆரத்தில் வளைத்த தகடு கையை எடுத்ததும் 61.5 மி.மீ. ஆரத்துக்கு விரிந்துவிடும் என்பதாகும். செங்கோணமாக வளைத்தது ஏறத்தாழ 73 பாகையாகக் குறைந்துவிடும்.

தகரக் கடையில் கற்றவை

கணக்கு சரியா என்று பார்க்கப் பழவேற்காட்டில் மீன்பெட்டிக்கும் புனலுக்கும் தகடு வளைத்துத் தரும் ஒரு கடைக்குச் சென்றேன். அங்கிருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே ஒரு மி.மீ. தகட்டை நான்கங்குலக் குழாயின்மேல் வளைத்துக் கொடுத்தார். அட்டையில் வட்டம் வரைந்து ஒப்பிட்டேன். விரிந்த தகட்டின் ஆரம் 62 மி.மீ.க்குச் சற்று மேல் இருந்தது. கணக்குக்கும் உண்மைக்கும் இவ்வளவு நெருக்கமா என்று நான் வியந்தேன். அவருக்கு வியப்பு இல்லை.

"தகடு திமிரும் தம்பி. தொண்ணூறு வேணும்னா தொண்ணூறத் தாண்டி மடக்கணும். எவ்ளோ தாண்டணும்னு கைக்குத்தான் தெரியும்" என்றார்.

அவர் கைக்குத் தெரிந்ததை வாய்பாட்டோடு ஒப்பிட்டால் நான்கு உண்மைகள் புலப்படுகின்றன.

முதலாவது, தகடு மெல்லியதாக ஆக மீளும் அளவு கூடும். தடிமன் பாதியானால் மீள்வு இருமடங்கு.

இரண்டாவது, வலிமை மிக்க தகடு மிகுதியாக மீளும். யங் குணகம் குறைந்த தகடும் மிகுதியாக மீளும். அலுமினியத்தின் யங் குணகம் ஏறத்தாழ 70,000 மட்டுமே. ஆகவே எஃகுக்கு நிகரான வலிமையுள்ள அலுமினியக் கலவைத் தகடு எஃகைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு மீளும்.

மூன்றாவது, கூரிய மடிப்பில் மீள்வு குறைவு. அதே 1 மி.மீ. தகட்டை 5 மி.மீ. ஆரத்தில் செங்கோணமாக மடித்தால் 88 பாகைக்கு மேலேயே நின்றுவிடும். விளிம்பு மடிக்கும்போது தகடு அடங்கியிருப்பதும், பெரிய உருளை செய்யும்போது திமிருவதும் இதனால்தான்.

நான்காவது சற்று நுட்பமானது. கடைக்கு வரும் தகடே எஞ்சிய தகைவோடுதான் வருகின்றது. ஆலையில் உருளைகளுக்கிடையே நசுக்கி நீட்டப்பட்டு, சுருளாகச் சுற்றப்பட்டு, பின்பு விரிக்கப்பட்ட தகடு அது. அதன் ஒரு பரப்பில் முன்பே 100 நியூட்டன் இழுதகைவு இருப்பதாகக் கொள்வோம். அப்பரப்பை வெளிப்புறமாக வைத்து வளைத்தால் இன்னும் 150 கொடுத்ததுமே அது எல்லையைத் தாண்டிவிடும். முன்பே 100 நியூட்டன் அமுக்கத் தகைவு இருந்தால் 350 கொடுத்தால்தான் தாண்டும். ஒரே அச்சு, ஒரே விசை. ஆயினும் இரு தகடுகள் இரு வடிவம் கொள்ளும். சுருளிலிருந்து வெட்டிய நீள்துண்டு தானாகவே முறுக்கிக்கொள்வதும் இதனால்தான்.

இப்பழைய தகைவு மென்மையான வளைவில்தான் தொல்லை தரும். கூரிய மடிப்பில் நாம் கொடுக்கும் திரிபு மீட்சி எல்லையைப்போல் பல மடங்கு ஆகையால், பழைய வேற்றுமைகள் யாவும் அதில் கரைந்துவிடும். ஆலைகளில் தகட்டைச் சமன்படுத்தும் முறைக்கும் இதுவே அடிப்படை. தகடு முழுவதையும் இரு முனைகளிலும் பற்றி ஓரிரு சதவீதம் நீட்டிவிடுகின்றனர். எல்லாப் படலங்களும் ஒரே திசையில் எல்லையைத் தாண்டுவதால் உள் வேற்றுமை பெரும்பாலும் மறைந்து, தகடு அமைதியாகப் படுக்கின்றது.

வடக்கே தெரியும் நெருப்பு

எங்கள் குப்பத்திற்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டா உள்ளது. ராக்கெட் ஏவும் நாளில் நாங்கள் கரையில் கூடி நின்று, வானில் எழும் நெருப்பைப் பார்ப்போம். 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது அங்கிருந்துதான். இன்று அங்கிருந்து எழும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டத்தில் திட எரிபொருளைத் தாங்கும் கூடு 2.8 மீட்டர் விட்டமுள்ளது. மராஜிங் எஃகு என்னும் நிக்கல் மிகுந்த எஃகால் ஆனது.

மிகுந்த வலிமையுள்ள எஃகை உருளையாக வளைத்தால் அது மிகுதியாக மீளும் என்று முன்பு கண்டோம். இதற்கு வழி அந்த எஃகின் இயல்பிலேயே இருக்கின்றது. அதை மென்மையான நிலையில் வைத்து உருவாக்கும் வேலைகளை முடித்துக்கொள்ளலாம். பிறகு ஏறத்தாழ 480 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் வைத்தால், வடிவம் பெரிதும் மாறாமலேயே அதன் வலிமை இருமடங்குக்கு மேல் உயர்கின்றது. வளைக்கும்போது இளக்கம், வளைத்தபின் வன்மை என்பதே இதன் நெறி. எங்கள் பெரியவரின் கடையும் அந்த ராக்கெட்டும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்பதை எண்ணும்போது உவகை பிறக்கின்றது.

தோட்டாவும் குதிரை லாயமும்

இனிக் குடத்துக்குத் திரும்புவோம். விரிந்து மீளும் உரிமை தகட்டுத் துண்டுக்கு உண்டு; குடத்தின் கழுத்துக்கு இல்லை. கழுத்து ஒரு மூடிய வளையம். வளைத்த தகட்டை விட்டால் விரிந்து, வெளிப்பரப்பின் இழுப்பைத் தணித்துக்கொள்ளும். மூடிய வளையமோ விரிய விரும்பினாலும் விரிய இயலாது. ஆகவே குளிர்ந்த நிலையில் அடித்தோ இழுத்தோ உருவாக்கிய கிண்ணம், குவளை, குடம் ஆகியவற்றின் வெளிப்பரப்பில் இழுதகைவு அப்படியே பூட்டப்பட்டுக் கிடக்கும். வாய் கட்டப்பட்ட வில்லைப்போல் அவை காத்திருக்கின்றன.

இதற்கு நம் நாட்டிலேயே நிகழ்ந்த புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவிலிருந்த படைகள், மழைக்காலத்தில் போர்ப்பயிற்சியைக் குறைத்துக்கொண்டு, தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தன. மழை முடிந்து எடுத்துப் பார்த்தபோது பல தோட்டாக்களின் பித்தளை உறைகள் வெடித்திருந்தன. குண்டைப் பற்றியிருக்கும் வாய்ப்பகுதியிலேயே வெடிப்பு மிகுதி. எவரும் அவற்றை எறியவில்லை, அடிக்கவில்லை. மழைப் பருவத்தோடு தொடர்புடையதாகத் தோன்றியதால் இதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தனர்.

பருவத்துக்கும் பித்தளைக்கும் என்ன பகை? 1921 இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் இதற்கு விடை கூறினர். தோட்டா உறை 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகட்டைக் குளிர்ந்த நிலையில் அச்சில் இழுத்துச் செய்யப்படுவது. எனவே அதன் சுவரில் எஞ்சிய தகைவு உண்டு. குதிரையின் சிறுநீரிலிருந்து அம்மோனியா எழுகின்றது. செம்பு உப்புக் கரைசலில் அம்மோனியாவை விட்டால் ஆழ்ந்த நீல நிறம் வருவதை வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கின்றோம். ஈரமும் காற்றும் துணை நின்றால் அதே அம்மோனியா பித்தளையைப் படிக எல்லைகளின் வழியே நுண்ணியதாக அரிக்கின்றது. அரிப்பு மட்டும் இருந்தால் மேற்பரப்பு கறுத்துப்போகும், வெடிக்காது. தகைவு மட்டும் இருந்தால் அமைதியாகக் கிடக்கும், வெடிக்காது. இரண்டும் சேர்ந்தால், அரித்த நுண்பிளவை உள் இழுப்பு விரிக்க, விரிந்த பிளவை அம்மோனியா மேலும் அரிக்க, உறை வாய் பிளக்கின்றது.

இதைப் படித்தபோது நூலகத்தில் என் கை நின்றுவிட்டது. குதிரை லாயத்துக்குப் பதில் ஆட்டுக் கொட்டில், தோட்டாவுக்குப் பதில் குடம், அதே மழைக்காலம்.

மூன்று பட்டைகள்

படித்ததை நேரில் காண விரும்பினேன். வேதியியல் துறை ஆசிரியர் அனுமதியுடன் ஓர் எளிய ஆய்வு செய்தேன். ஒரே பித்தளைத் தகட்டிலிருந்து மூன்று பட்டைகள் வெட்டினேன். முதற்பட்டையை வளைக்காமல் விட்டேன். இரண்டாவதைக் கொண்டை ஊசிபோல் வளைத்து, மீண்டு விரியாதபடி முனைகளை இரும்புக் கம்பியால் இறுகக் கட்டினேன். மூன்றாவதையும் அவ்வாறே வளைத்துக் கட்டினேன். ஆனால் அதை மட்டும் மஃபிள் உலையில் 300 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்து மெல்ல ஆறவிட்டேன். மூன்றையும் நன்கு துடைத்து, அம்மோனியாக் கரைசல் அடியில் இருக்க, அதில் தோயாதபடி ஒரு மூடிய கண்ணாடிச் சாடியில் தொங்கவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை சாடியைத் திறந்தபோது, முதற்பட்டை கறுத்திருந்தது, வெடிப்பு இல்லை. வளைத்துக் கட்டிய இரண்டாவது பட்டையின் முதுகில் குறுக்கே ஒரு பிளவு. வளைத்துக் கட்டிப் பின் சூடேற்றிய மூன்றாவது பட்டையும் கறுத்திருந்தது. அதிலும் வெடிப்பு இல்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வடிவில் வேற்றுமை இல்லை, காற்றில் வேற்றுமை இல்லை. உள்ளே பூட்டிய தகைவு ஒன்றே வேற்றுமை. சூடு அதைத் தளர்த்திவிட்டது.

குடத்தின் சாட்சியம்

விடுமுறைக்கு ஊருக்குச் சென்று, பரணில் கிடந்த குடத்தை இறக்கிக் கூர்ந்து பார்த்தேன். நான் கண்டவை இவை.

குடம் விழுந்திருந்தால் பட்ட இடம் நசுங்கியிருக்க வேண்டும். கழுத்திலும் தோளிலும் உடலிலும் நசுங்கல் எதுவும் இல்லை.

பிளவு கழுத்தின் நெடுக்கில், நேராக இறங்கியிருந்தது. வளையத்தைச் சுற்றி இழுக்கும் தகைவுக்குச் செங்குத்தாகவே பிளவு ஓட வேண்டும். அவ்வாறே ஓடியிருந்தது.

பிளவின் விளிம்புகள் இழுபட்டு மெலியவில்லை. ஓடு உடைந்ததுபோல் இருந்தன. பித்தளை அடிபட்டுக் கிழிந்தால் முதலில் இழுபட்டு மெலியும்.

பிளவின் வாய், தீக்குச்சி ஒன்று நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. உலோகம் எதுவும் உதிரவில்லை. ஆயினும் இடைவெளி உண்டு. வளையம் தன்னை விடுவித்துக்கொண்டதும் விரிந்துவிட்டது என்பதன்றி இதற்கு வேறு பொருள் இல்லை.

பிளவின் ஓரங்களில் நீலப் பச்சைக் கறை படிந்திருந்தது.

இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால், சின்னம்மா கீழே போட்டதால் குடம் வெடித்தது என்பதற்கு இடமே இல்லை. அவர் செய்ததெல்லாம், வீட்டு வழக்கப்படி அதைக் கொட்டிலில் கவிழ்த்து வைத்தது ஒன்றுதான்.

காக்கும் வழிகள்

பருவ வெடிப்பைத் தடுக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, உருவாக்கிய பாத்திரத்தை 250 முதல் 300 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் அளவுக்கு வைத்து ஆறவிடுதல். இந்த வெப்பத்தில் வலிமை பெரிதும் குறையாமலே உள் தகைவு தளர்ந்துவிடும். தோட்டா உறைகளின் வாய்ப்பகுதியை இன்றும் சூடேற்றுகின்றனர். இரண்டாவது, துத்தநாகம் குறைந்த கலவையைத் தேர்தல். துத்தநாகம் 15 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் வெடிப்பு அச்சம் மிகக் குறைவு. மூன்றாவது, கால்நடைக் கொட்டில், உரக்கிடங்கு போன்ற அம்மோனியா எழும் இடங்களில் பித்தளையை வைக்காமை.

பாத்திரம் அடிப்பவர்கள் சில அடிகளுக்கு ஒருமுறை பாத்திரத்தை உலையில் காய்ச்சி ஆற்றுவதைப் பலரும் பார்த்திருப்போம். அடிக்க அடிக்க இறுகிய பித்தளையை இளக்குவதற்காக அவர்கள் அவ்வாறு செய்கின்றனர். உள் தகைவும் அப்போது அகன்றுவிடுகின்றது. ஆனால் கடைசியாகக் காய்ச்சியபின் வடிவுக்கும் மெருகுக்கும் அடிக்கும் அடிகள் பாத்திரத்திலேயே தங்கிவிடுகின்றன. கடைசி அடிக்குப் பிறகும் ஒரு சூடு வேண்டும் என்பதே நாம் கற்கும் பாடம்.

இது பித்தளைக்கு மட்டும் உரியதன்று. நிக்கல் குறைத்து மாங்கனீசு கூட்டிய சில எவர்சில்வர் வகைகளில், ஆழமாக இழுத்த குவளை அச்சிலிருந்து நல்லபடியாக வெளிவந்து, சில மணிகளோ சில நாள்களோ கழித்து விளிம்பிலிருந்து வெடிப்பதுண்டு. அங்கே துணை நிற்பது அம்மோனியா அன்று. உலோகத்தினுள் இருக்கும் ஹைட்ரஜனும், இழுக்கும்போது படிக அமைப்பில் நிகழும் மாற்றமும் ஆகும். ஆயினும் இழுக்கும் கை எஞ்சிய தகைவுதான்.

எஞ்சிய தகைவு எப்போதும் தீயது என்றும் கொள்ளலாகாது. மேற்பரப்பில் அமுக்கத் தகைவு இருந்தால் பிளவு திறக்க இயலாது. சிறு எஃகுக் குண்டுகளைச் சுருள்வில்களின்மேல் வீசி அடித்து, வேண்டுமென்றே மேற்பரப்பில் அமுக்கத் தகைவை உண்டாக்குகின்றனர். எந்தப் படலத்தில் எந்தத் தகைவு தங்குகின்றது என்பதே நன்மை தீமையைத் தீர்மானிக்கின்றது.

முடிவுரை

அன்று மாலை ஆயாவின் முன் இரண்டாவது பட்டையையும் மூன்றாவது பட்டையையும் வைத்து, என்னால் இயன்றவரை விளக்கினேன். தகைவு, திரிபு என்ற சொற்களை விட்டுவிட்டு, மிதவையும் ஈயமும் இழுக்கும் வலையைக் கொண்டே கூறினேன். ஆயா பட்டையை வாங்கிப் பிளவைக் கட்டைவிரலால் தடவினார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு, "சூடு காட்டினா இந்தக் குடம் சேந்துக்குமா?" என்றார்.

வெடித்தது சேராது, வெடிக்காததைக் காக்கலாம் என்றேன்.

கொட்டிலில் இன்னும் ஒரு பித்தளைத் தவலை இருந்தது. ஆயா எழுந்து போய் அதைத் தாமே எடுத்துவந்தார். அடுப்பங்கரை வாயிலில் நின்றிருந்த சின்னம்மாவிடம் அதை நீட்டி, "இந்தாம்மா, இத நீயே உள்ள ஒரு எடம் பாத்து வையி" என்றார். சின்னம்மா இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

நண்பர்களே, அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் எடையை ஏற்றியும் இறக்கியும் அளவு குறிக்கும்போது, அவ்விரண்டும் ஏன் ஒன்றாக வருகின்றன என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஒன்றாக வராத இடங்களில்தான் உலகத்து வேலைகள் பலவும் நடக்கின்றன. வெடித்த பொருளைக் கண்டால் அதைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று கேட்பதற்குமுன், அதை உருவாக்கியபோது அதனுள் என்ன தங்கியது என்று கேட்போமாக.